ராணியை நகர்த்துங்க சார்!

ஆரணி கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. லாவண்யாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் தனகோடி, அறுபதைத் தாண்டிய பட்டு வியாபாரி.

அவருடைய கை காயை நோக்கி மெல்லப் போகும். பாதியில் நிற்கும். மறுபடியும் மேஜைக்கே வந்துவிடும். 'ஏன்தான் இப்படித் தயங்குகிறாரோ!' என்று லாவண்யாவுக்கு ஒரே பேஜாராக இருந்தது.

ஆனால் ஆட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. ராணியை ஒரு கட்டம் நகர்த்தினால் லாவண்யாவின் ராஜா காலி. கை கிளம்பியது. ராணியைத் தொடுவதற்குள் கடிகாரத்தில் அவருடைய நேரம் தீர்ந்துபோனது.

"என்ன சார், ஜெயிச்ச ஆட்டத்தை விட்டுட்டீங்களே! இவ்ளோ நேரமா யோசிப்பாங்க?"

"யோசிக்கலம்மா. எந்தக் காய்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரித்தார் தனகோடி.

வாசலில் காத்திருந்த அவர் மனைவி ஹேமலதா ஓடிவந்தார். "என்னாங்க ஆச்சு?"

"தோத்துட்டேன். ஆனா ஒரு காயைக்கூட இடது கையால தொடல!"

ஹேமலதா கணவரின் வலது கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"பக்கவாதத்துல விழுந்த கைம்மா இது. போன மாசம் வரைக்கும் சட்டை பட்டனைக்கூட நான்தான் போட்டுவிட்டுகினு இருந்தேன்" என்றார் லாவண்யாவிடம்.

லாவண்யா தன் வலது கையைத் தனகோடியிடம் நீட்டிக் குலுக்கினாள்.

"அடுத்த போட்டி வெம்பாக்கத்துல. நீயும் வாம்மா" என்றார் தனகோடி.

"கண்டிப்பா வர்றேன் சார். அதுக்குள்ள நான்தான் நல்லா பிராக்டீஸ் பண்ணணும்!"