பியூலாவின் மறுதேர்வு

மேல்வீட்டு பியூலா நர்ஸ்; கணவனை இழந்தவள். அங்கே ஆண்குரல் கேட்டால் எனக்கு இருப்புக்கொள்ளுமா? தேங்காய்த் துருவியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் ஏறிப் போனேன்.

புற்றுநோய் மேற்படிப்புக்கான தேர்வு நடந்துகொண்டிருந்தது. சுவர்த்திரையில் நோயாளியாகப் படுத்திருந்தவர் அவளுடைய கணவர் ஜெபராஜேதான். மாணவர் பயிற்சிக்கென்று தன் உருவத்தையும் குரலையும் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுச் செத்த புண்ணியவான். இனி மருந்து கேட்காது என்று அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும், அதுதான் தேர்வு.

"எனக்குச் சரியாயிருமா, சிஸ்டர்?"

"சரியாயிரும்ங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்."

திரை அணைந்தது. மறுபடியும் தோல்வி.

"வேற நோயாளியக் கேட்டு வாங்கேன்டி. இப்படியே பெயிலாயிட்டிருந்தா எப்படி?" என்றேன்.

"நான் வேண்டாம்னா அவர வேற பிள்ளைககிட்ட அனுப்பிருவாங்கக்கா. அதுக சொல்லிருமே."