தளபதியின் கடைசி வசனம்

தளபதி வாளை உயர்த்திவிட்டார். வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

வாள் பிளைவுட், மேலே ஜிகினாத் தாள். மீசை பசையில் நிற்பது. மானம் மட்டும் சொந்தச் சரக்கு என்று அவரே சொல்லிக்கொள்வார்.

எதிரி நாட்டு இளவரசனை மணந்துகொண்ட மகள் காலடியில் மண்டியிட்டிருக்கிறாள். தளபதி அவள் கழுத்தை வெட்டிக் குலத்தின் மானத்தைக் காக்க வேண்டும். பிறகு அதே வாளைத் தன் வயிற்றில் செருகிக்கொள்ள வேண்டும். சேதி கேட்டு எதிரி அரசனும் சாக வேண்டும். உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அந்த நாடகத்தில் எந்த ஆம்பளைக்கும் தோன்றுவதில்லை.

தளபதி பகலில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வீட்டில் பல்லி விழுந்தால் நாற்காலிமேல் ஏறி நின்று மனைவியைக் கூப்பிடுகிறவர். ஆனால் சொந்த மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டபோது, "எனக்கு மகளே கிடையாது" என்று தெருவுக்கே கேட்கும்படி முழங்கினார். முழக்கம் நன்றாக எடுபட்டது. அதனால் வருஷக்கணக்கில் அதையே தொடர்ந்துகொண்டிருக்கிறார்.

மனப்பாடம் அவருக்கு ஆகாது. பக்கத்துத் திரைக்குப் பின்னால் மனைவி முக்காலியில் உட்கார்ந்து வரிவரியாக எடுத்துக் கொடுப்பாள். அவள் கிசுகிசுப்பது அவர் வாயில் கர்ஜனையாக வெளிவரும். ஒருமுறை அவள் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றதையும் எதிரிப் படையைப் பார்த்து முழங்கியிருக்கிறார். கைதட்டல் விழுந்தது.

இன்று அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம், நிஜ மகள் நிற்கிறாள். உட்காரவில்லை. அப்பா முகம் சுளித்தால் ஓடிவிட வசதியாக, தோளில் மாட்டிய பையை இறக்கவும் இல்லை.

வரச் சொன்னது அம்மாதான். "தூரத்துல இருந்து பாத்துட்டுப் போயிடுடி. மேடையில அவரால உன்னத் திட்ட முடியாது. நான் எடுத்துக் குடுத்தாத்தானே வாயே திறக்கும்."

தளபதி அவளைப் பார்த்துவிட்டார்.

வாள் அந்தரத்தில் நின்றது.

கீபோர்டுக்காரர் சோக இசையை வாசித்து முடித்தார். வேறு வழியில்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

திரைக்குப் பின்னால் மனைவியின் உதடு அசைந்தது.

வாள் இறங்கவில்லை.

மகளாக மண்டியிட்டிருந்த மருந்துக்கடைப் பெண் தலையைத் தூக்காமலே முனகினாள். "சார், சீக்கிரம் வெட்டுங்க சார். முட்டி வலிக்குது."

மனைவியின் உதடு இன்னொரு முறை அசைந்தது.

தளபதி மண்டியிட்டவளின் தலைக்கு மேலாக, கதவைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வாம்மா."

கர்ஜனை இல்லை. ஆனாலும் கதவுவரை கேட்டது. அங்கே நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடையோரம் சாவதற்குத் தயாராக நின்ற எதிரி அரசன் குழம்பிப்போனார். "அப்ப நான் சாகணுமா, வேணாமா?"

அவசரமாகத் திரை இறங்கியது.

இயக்குநர் ஓடிவந்தார். பகலில் பல் டாக்டர். யார் வாயிலிருந்து எது தவறி வந்தாலும் அவருக்குத் தாங்காது. "எல்லாரும் உயிரோட நிக்கிறீங்களே! இதுக்கா சோக நாடகம்னு போஸ்டர் ஒட்டினோம்?"

தளபதி விறைப்பானார். "இவ எடுத்துக் குடுத்ததத்தான் சொன்னேன். என்னக் கேட்டா எப்படி?"

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றாள் அவள். "கண்ணாடி போடல. வரி மாறிடுச்சு."

கண்ணாடி மூக்கின்மேலேயே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

தளபதி மீசையை முறுக்கினார். பாதி மீசை கையோடு வந்தது. "இப்ப என்ன பண்றது? அத்தன பேரு முன்னாடி சொல்லியாச்சு. ஆம்பள சொன்ன சொல்ல மாத்த முடியுமா? போய்க் கூட்டிட்டு வா. அந்தப் பையன் வெளியில நின்னா அவனையும் சேத்து."

சொல்லிவிட்டு, அரிதாரம் கலைக்கிறவர் போலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மனைவி எழுந்தாள். மருந்துக்கடைப் பெண் முட்டியைத் தேய்த்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, எனக்கு நல்லாக் கேட்டுச்சே. ரெண்டு தடவையும் 'மாய்ந்து போ மகளே'ன்னுதானே எடுத்துக் குடுத்தீங்க?"

மனைவி உதட்டின்மேல் விரலை வைத்தாள். பிறகு கதவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.