ஒரு ஜோடி பல்பு

பட்டறையின் ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டு, ரிஃபத் காரின் ஹெட்லைட்டைப் போட்டான். எதிர்ச்சுவரில் சாயம் போன ஊதா நிறத்தில் இரண்டு திட்டுகள் விழுந்தன.

“அடடா, ரெண்டுமே மங்கிப்போச்சுங்கண்ணா” என்றான்.

சென்னகேசவனுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆறு மாதமாக இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வாய்க்கவில்லை.

லைட் மங்கல், லைட் மங்கல் என்று அவர் புலம்பாத நாளில்லை. மகன் சசிதர் ஒவ்வொரு தடவையும் காரைச் சுற்றிவந்து பார்ப்பான். லைட் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கண்தான் என்பான். கண் டாக்டரோ ஒரு கோளாறும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். அதற்கும் மகனிடம் பதில் இருந்தது.

“உங்க மனசு நோகக்கூடாதுன்னு அப்படி எழுதியிருப்பாருங்க நைனா.”

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் வைக்கமாட்டான். அப்பாவிடம் ‘ங்க’ போடாமல் அவன் வாயைத் திறந்ததே இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு, சூலூர் ரோட்டில் மீடியன் தெரியாமல் காரை ஏற்றிவிட்டார். பக்கத்தில் இருந்த பேத்தி அக்ஷிதாவுக்கு மோவாயில் நான்கு தையல். அன்றோடு தன் கண்ணைத் தானே நம்பாமல் போனார்.

போன வாரம் கார் சாவியை மகனிடம் கொடுத்தார். கூடவே, சிங்காநல்லூரில் முப்பத்தெட்டு வருஷமாக நடத்திய பம்ப் கம்பெனியையும் எழுதிக் கொடுத்தார். பார்வை போனவனுக்கு நாற்காலி எதற்கு? கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை சசிதர்தான் பொறுமையாக விரல் வைத்துக் காட்டினான். பத்திரப் பதிவு மட்டும் திங்கட்கிழமை.

இன்று காலை டிரைவர் வேலுமணி, காய்ச்சல், வர முடியாது என்று போன் செய்தான். போனை எடுத்தவர் சென்னகேசவன். சசிதர் பட்டறைக்கு அனுப்பச் சொன்ன கார் வாசலில் நின்றது. பட்டப்பகல்தானே, கடைசியாக ஒரு தடவை நாமே ஓட்டுவோம் என்று யாரிடமும் சொல்லாமல் எடுத்து வந்துவிட்டார்.

ரிஃபத் அவரை முன்னே பின்னே பார்த்ததில்லை. கசங்கிய வேட்டியும் தோளில் துண்டுமாக வந்து இறங்கியவரை டிரைவர் என்றே நினைத்துக்கொண்டான்.

நினைத்துவிட்டுப் போகட்டும். தன் கண் நல்ல கண்! முதலில் ஓடிப்போய் இதைச் சசிதரிடம் சொல்ல வேண்டும். பாவம், பிள்ளை எவ்வளவு சந்தோஷப்படுவான்.

ரிஃபத் மேல் அலமாரியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டினான். அதன்மேல் இதே காரின் நம்பர் எழுதியிருந்தது.

“இதுதானுங்க இந்த வண்டியோட நல்ல ஜோடி. வைகாசியில சசி சார் கழட்டச் சொன்னாரு. அவங்கப்பா ராத்திரியில வண்டி எடுக்கறதை நிறுத்தோணும்னு, ஒரு தேஞ்ச ஜோடியைப் போடச் சொன்னாருங்க. இன்னைக்கு சசி சாரே வால்பாறைக்கு ஓட்டிட்டுப் போறாராமா. நல்லதை மாட்டிரச் சொல்லிப்போட்டாரு.”

சென்னகேசவன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஹெட்லைட்டில் போடும் செனான் பல்பு பட்டென்று சாகாது. ஊதா ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் மறுபக்கம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் சேர்ந்து மங்கினால் யாருக்கும் கண்மேல்தான் சந்தேகம் போகும். மகன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். பெற்ற மகள் மோவாயில் தையல் போட்டபோதும் வாய் திறக்கவில்லை.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெட்டிக்குக் கை நீட்டினார்.

“சார் வழியில போன் பண்ணினாருங்க தம்பி. இப்ப மாட்டியிருக்கறதே இருக்கட்டுமாமா.”

பெட்டியை வாங்கி மடியில் வைத்து, துண்டால் மூடிக்கொண்டார்.

நான்கு மணிக்கு சசிதர் கம்பெனியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினான். தோளில் ஊருக்குப் போகும் பை. ஸ்டூலில் இருந்தவரைக் கண்டதும் நின்றுவிட்டான்.

“நைனா, நீங்க எங்கீங்க இங்கே?”

அந்த ‘நைனா’வைக் கேட்டதும் ரிஃபத்துக்கு முகம் வெளிறியது. தலையைக் குனிந்தவன் நிமிரவில்லை.

சென்னகேசவன் ஷட்டரை இறக்கச் சொன்னார். சாவியை வாங்கி, துண்டு மூடிய பெட்டியோடு எழுந்துபோய் ஹெட்லைட்டை அவரே போட்டார். சுவரில் அதே இரண்டு ஊதாத் திட்டுகள்.

“மலை ஏறப் போறயாமா. வெளிச்சம் எப்படி இருக்குது, நீயே பார்த்துச் சொல்லு கண்ணு.”

சசிதர் சுவரைப் பார்த்தான். ரிஃபத்தைப் பார்த்தான். மங்கல் என்று சொன்னால் ஆறு மாதப் பொய்யும் இங்கேயே அவிழ்ந்துவிடும். திங்கட்கிழமைப் பத்திரப் பதிவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆழியாறு தாண்டுவதற்குள் இருட்டிவிடும். அதற்குமேல் கொண்டை ஊசி வளைவு நாற்பது.

மங்கல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார். துண்டுக்கடியில் அவர் கை அதன்மேல்தான் இருந்தது.

“நல்லாத்தானுங்க இருக்குது நைனா.”

சென்னகேசவன் லைட்டை அணைத்தார். பெட்டியைப் பிடிக்காத கையால் சாவியை நீட்டினார்.

“பார்த்துப் போ கண்ணு” என்றார்.