நாற்பத்தெட்டு கிராம்

எழுத்தறிவு பெற்ற மனிதகுலம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று: ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, பேனாக்கடை முதலாளி ஒரு பேனாவை எடை போட்டார்.

"நாப்பத்தெட்டு கிராம். பெட்டியிலயும் அதேதான் போட்டிருக்கு. மாப்ளே, நீதான் சாட்சி."

கல்லாவில் இருந்த மச்சினன் தலை நிமிரவில்லை. "தாயும் சேயும் நலமா மாமா?"

முதலாளி சிரிக்கவில்லை. போன மாதம் ஒரு கனவான் 'சும்மா பார்க்கிறேன்' என்று ஒரு பேனாவை வாங்கிப் பார்த்துவிட்டு, அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். வைத்தது தகரம் என்று தெரியப் பத்து நாள் ஆனது. எந்த ஆளையும் கண்ணாலேயே எடை போட்டுவிடுவேன் என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்தவர், அன்றைக்கே ஒரு சின்னத் தராசு வாங்கினார்.

இப்போது ஆபத்தில் இருந்தது கண்ணாடிப் பெட்டியின் நடுவில் படுத்திருந்த கறுப்புப் பேனா. கறுப்புப் பூச்சுக்கு அடியில் முழுக்கப் பித்தளை. விலை கேட்டு யாரும் மயங்கி விழ மாட்டார்கள். உடனே பைக்குள் கையை விடவும் மாட்டார்கள். அதனாலேயே எட்டு மாதமாகப் படுத்திருந்தது. திங்கட்கிழமை ஒருவர் வந்து அதை ஒரு மணி நேரம் ஆராய்ந்துவிட்டு, நாளைக்கும் வருகிறேன் என்று போயிருந்தார். முதலாளி அவருக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்.

"ஒரு மணி நேரம் பாத்தான். ஒரு தடவையாவது விலை கேட்டானா? வாங்கறவன் முதல்ல விலையத்தான் கேப்பான்."

அதற்குள் கட்டடச் சொந்தக்காரரின் ஆள் வழக்கமான கடிதத்தோடு வந்தான். கடையைக் காலி செய்கிறேன் என்று ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி இரண்டு வருடமாக வரும் கடிதம். முதலாளி வழக்கம்போல அதை நாலாகக் கிழித்தார்.

"என் சோறே இந்தக் கடைதான். நான் கையெழுத்துப் போடாம இங்க ஒரு செங்கல் நகராதுன்னு போய்ச் சொல்லு."

அவன் போனதும் ஆராய்ச்சி வந்தார். பேனாவைச் சுட்டுவிரலின் மேல் படுக்கவைத்துச் சமநிலை பார்த்தார். மூடியைத் திருகினார்.

"மூணு சுத்தா? அவசரத்துக்கு ஆகாதே." மூடியைப் பின்னால் மாட்டினார். "பின்பாரம் வேற. கழுதை உக்காந்த மாட்டுவண்டி மாதிரி சாயுது."

"கனம்தான் சார் கௌரவம்," என்றார் முதலாளி. கண் அவருடைய கையிலேயே இருந்தது.

கை சட்டைப் பைக்குள் போனது. மச்சினன் எழுந்து வாசலை மறித்து நின்றான். கை வெளியே வந்தது, மூக்குக் கண்ணாடியோடு.

"எனக்கு எழுதினா கை நடுங்கும். நீங்க கொஞ்சம் எழுதிக் காட்டுங்களேன்."

எழுதச் சொன்னால் முதலாளிக்கு எழுத வருவது ஒன்றே ஒன்றுதான். எழுதிப் பார்க்க வைத்திருந்த காகிதப் பேடில் தன் கையெழுத்தைப் போட்டார். யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. கண் மட்டும் ஆராய்ச்சியின் பையை விட்டு நகரவில்லை.

"நின்னுகிட்டு எழுதினா தடுக்குமா?"

நின்றுகொண்டு ஒன்று.

"அவசரமா எழுதினா?"

அவசரமாக மூன்று.

அவர் போனதும் முதலாளி தராசுக்குப் பாய்ந்தார். நாற்பத்தெட்டு.

"இன்னிக்கு ஒத்திகை மாப்ளே. நாளைக்குத்தான் மாத்துவான்."

புதன்கிழமை ஆராய்ச்சி மறுபடி வந்தார். பளபளத் தாளில் எப்படி, சொரசொரத் தாளில் எப்படி என்று இன்னும் ஒரு பக்கம் எழுதிக் காட்டச் சொன்னார். பிறகு முதன்முறையாக விலை கேட்டார். பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் மேஜையில் வைத்தார்.

முதலாளி ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் நல்ல நோட்டு.

"ஒரு சின்ன உதவி," என்றார் ஆராய்ச்சி. "எழுதிப் பாத்த தாளையும் குடுத்தீங்கன்னா, மை நிறம் மாறுதான்னு நாலு நாள் வச்சுப் பாப்பேன்."

ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று நினைத்த பாவத்தைக் கழுவ முதலாளிக்கு வழி கிடைத்தது. தாள் என்ன, பேடு முழுவதையுமே கொடுத்தார். கூடவே ஒரு மைப் புட்டியும் இனாம்.

"பாத்தியா? என்னா ஒரு ரசனை," என்றார் அவர் போனதும். "பாத்த உடனே நெனச்சேன்."

"நீங்க நெனச்சது வேற மாமா."

அடுத்த திங்கட்கிழமை கட்டடச் சொந்தக்காரர் நேரிலேயே வந்தார். கூட ஒரு வக்கீல். பெயர்ப்பலகையைக் கழற்ற ஏணியோடு இரண்டு ஆள். வக்கீலுக்குப் பின்னால், ஃபைல்களைச் சுமந்துகொண்டு அவருடைய குமாஸ்தாவாக ஆராய்ச்சி நின்றார். சட்டைப் பையில் கறுப்புப் பேனா. கை நடுங்கவில்லை.

"மனசு மாறினதுக்கு ரொம்ப நன்றிங்க," என்று கட்டடச் சொந்தக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

இன்றைய தேதிக்குள் கடையை மனமுவந்து காலி செய்து தருவதாக அதில் இருந்தது. முதலாளி கடைசி வரிக்குக் கீழே பார்த்தார். தும்பிக்கைச் சுழி, அடியில் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

பேனா ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.