வராத வகுத்தல்

பிடரியில் ஏறிய வலி இறங்குவதாக இல்லை. காலையிலிருந்து டைல்ஸ் பெட்டி சுமந்து சுமந்து காளியாயிக்குக் கழுத்தே திரும்பவில்லை. காரைக்குடியில் அந்த வீட்டுக்கு அன்றுதான் முதல் நாள் வேலை.

வீட்டுக்காரரின் ஒன்பது வயது மகள் கிருத்திகா பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். “அப்பா, நூத்தி நாப்பத்தி நாலு டைல்ஸ். பன்னெண்டு வரிசைன்னா, வரிசைக்குப் பன்னெண்டு!”

“பாப்பா எந்தப் பள்ளிக்கூடம்யா?” என்று கேட்டாள் காளியாயி.

“பள்ளிக்கூடத்துக்கே அனுப்புறதில்லம்மா” என்றார் வீட்டுக்காரர் வெங்கட்ராமன். “வீட்லயேதான் படிப்பு. எல்லாம் இவ அம்மாதான். புரியலைன்னா பத்துத் தடவைகூடச் சலிக்காமச் சொல்லிக்குடுப்பா.”

காளியாயி தலையைக் குனிந்துகொண்டாள். “எம்மக சத்தியப்பிரியாவுக்கும் இதே வயசுதான்யா. வகுத்தல் வரல. மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு டீச்சரே சொல்லிட்டாக. நேத்து வெளக்கமாத்தால வெளுத்துட்டேன். படிப்ப நிறுத்திட்டு ஆடு மேய்க்க விட்டுரலாம்னு இருக்கேன். டீச்சர்ட்டயும் சொல்லிட்டேன்.”

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. “அம்மா வந்தாச்சு!” என்று கிருத்திகா ஓடினாள்.

கையில் பரீட்சைத்தாள் கட்டோடு உள்ளே வந்த விசாலி, காளியாயியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“டீச்சர்... இது உங்க வீடா?”

விசாலி தாள்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சத்தியப்பிரியாவ நிறுத்திறாதீங்கம்மா. நாளையிலருந்து... நான் தனியா சொல்லித்தாரேன்.”

சொந்த மகளுக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொடுப்பவள் சத்தியப்பிரியாவை மட்டும் ஏன் அப்படிச் சொன்னாள் என்று காளியாயி கேட்க நினைத்தாள். கேட்கிற யோக்கியதை தனக்கும் இல்லை என்று பட்டது. ஒரு டீச்சரின் வாய்ச்சொல்லை நம்பிப் பெற்ற பிள்ளையைப் போட்டு அடித்தவள் அவள்.

அடுத்த பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். மகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.