லோர்னாவின் மடியில் தலைக்கவசம்

கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கின் கடைசி ஆட்டம் முடிய நான்கே நிமிடம். தலையில் இடிவாங்கிய டெரல் மறுபடி உள்ளே ஓடிவிடாதபடி, அவனுடைய தலைக்கவசத்தை மடியில் அணைத்துப் பிடித்திருக்கிறார் அணியின் மருத்துவ உதவியாளர் லோர்னா. ஒவ்வொரு நல்ல ஆட்டத்துக்கும் ஒன்றாக அதில் ஒட்டிய நட்சத்திரங்கள் அலபாமாவின் சாய்ந்த வெயிலில் மின்னுகின்றன. "தோத்துட்டு இருக்கோம், லோர்னா! கேக்குறதக் கேட்டுட்டு அவன அனுப்பு!" என்று கோட்டருகிலிருந்து கத்துகிறார் கோச். நினைவைச் சோதிக்கும் கேள்விகளை லோர்னா தொடங்குமுன் டெரலே சிரித்தபடி ஒப்பிக்கிறான்: "எல்லாம் ஞாபகம் இருக்கு, மிஸ் லோர்னா. கால்வர்ட் காலேஜ்கூட ஆடுறோம். ஏழு பாயின்ட் முன்னாடி இருக்கோம்." லோர்னாவின் விரல்கள் நட்சத்திரங்களின் மேல் இறுகுகின்றன. கால்வர்ட்டோடு ஆடியது போன சனிக்கிழமை. அன்றும் இடிபட்டு வந்து, இதே சிரிப்போடு இதையேதான் சொன்னான். கேட்டுவிட்டுக் கவசத்தைத் திருப்பிக் கொடுத்தது அவர்தான்.