மூன்றாவது கோப்பை

திருச்செங்கோட்டுக் கடையின் கண்ணாடியைத் துளைத்து வரும் முற்பகல் வெயில், வரிசையாய் நிற்கும் காப்பி மெசின்களின் எஃகு மேனியில் பட்டுச் சிதறுகிறது. வாங்கப்போகும் பெட்டியைச் சுமக்க மல்லசமுத்திரத்திலிருந்து உடன்வந்த பண்ணையாள் பொன்னாயி, எதன்மேலும் உரசாதபடி சேலையை இறுக்கிப் பிடித்து ஓரமாய் நிற்கிறாள். விற்பனையாளர் மணிமாறன் பொத்தானை அழுத்த, மெசின் கனைத்து நுரைபொங்க வார்க்கிறது. எசமானி சென்னியம்மாளுக்கு ஒரு கோப்பை, அவர் மகன் கதிர்வேலுக்கு ஒன்று. மூன்றாவதை, "நீங்களும் குடிச்சுப் பாருங்கம்மா" என்று பொன்னாயியிடம் நீட்டுகிறார். பதினாறு ஆண்டுகளாய் எசமானி வீட்டுப் பின்சுவரின்மேல் தனக்கெனக் கவிழ்த்துவைத்த டம்ளரில் மட்டுமே குடித்தவள், பிடிவைத்த வெண்கோப்பையை இரு கையாலும் ஏந்தி, ஒரு வாய் உறிஞ்சி, விழுங்காமல் நாவில் நிறுத்திச் சுவைக்கிறாள். மலையேறி அர்த்தநாரியைத் தொழுதுவந்த நீறு சென்னியம்மாளின் நெற்றியில் ஒளிர்கிறது, புன்னகையும் மாறவில்லை. "ஏனுங் தம்பி, இது வாய் வெச்சதுலதான் நாளைக்கு வாரவங்களும் குடிக்கோணுமாக்கும்?" என்று மணிமாறனிடம் கேட்கிறார். கதிர்வேல் சிரிக்கிறான். "உடும்மா, அதுக்கும் ஒரு மெசினு வாங்கி மாட்டுக் கட்டுத்தறியில வெச்சரலாம்." மணிமாறனுக்கு விளங்கிவிடுகிறது. "தப்புங்கம்மா, தெரியலீங்க" என்று சென்னியம்மாளிடம் குனிந்தவர், பொன்னாயியின் கைகளிலிருந்து கோப்பையை அவள் விரல் படாமல் வாங்கி, காப்பியோடு குப்பைக்கூடையில் போடுகிறார். வாய்க்குள் நிற்கும் அந்த ஒரு மிடற்றை விழுங்கலாமா, வெளியே போய் உமிழ வேண்டுமா என்று அறியாமல், பொன்னாயி எசமானியின் முகத்தையே பார்த்து நிற்கிறாள்.